கடலடியில் பிறந்த குழந்தைகள்: டிரெக்சியாவின் இசையும் கற்பனை செய்யும் உரிமையும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமைகளைச் சொல்லி முடித்துக்கொள்வது ஒரு வழக்கம். யார் நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அந்தத் தோழருக்கு அது பிடிக்காது. தன்னைப் பற்றிப் பேசினால் எழுந்துபோய் டீ சொல்லிவிட்டு வருவார். அதனால் அவர் என்னிடம் கேட்ட ஒரு கேள்வியைப் பற்றிப் பேசுகிறேன். ஒரு தலித் தன்வரலாற்று நூலுக்கு விமர்சனக் கூட்டம் நடந்த மாலை அது. பேசிய எல்லோரும் அந்த நூலின் வலியைப் பாராட்டினார்கள். கூட்டம் முடிந்து பேருந்து நிலையத்துக்கு நடக்கும்போது தோழர் கேட்டார்: நம்மிடம் வருகிறவர்கள் எல்லோரும் காயத்தை மட்டுமே கேட்டு வாங்கிப் போகிறார்களே, நம்மில் ஒருவர் நிலாவுக்குப் போகிற கதை எழுதினால் அதையும் இதே ஆவலோடு வாங்குவார்களா?

அன்று என்னிடம் பதில் இல்லை. இன்றும் முழுப் பதில் இல்லை. ஆனால் நிலாவுக்குப் பதிலாகக் கடலடிக்குப் போன இருவரின் கதை எனக்குத் தெரியும். அவர்கள் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துக் கறுப்பினத்தவர்கள். டிரெக்சியா என்ற பெயரில் இயங்கினார்கள். 1997இல் 'தி குவெஸ்ட்', அதாவது தேடல், என்ற இரட்டைக் குறுந்தகட்டுத் தொகுப்பை வெளியிட்டார்கள். 1992 தொடங்கி வெளிவந்த அவர்களுடைய இசைத்தட்டுகளிலிருந்து சேர்க்கப்பட்ட தொகுப்பு அது. பாடகர் இல்லை, பாடலாசிரியர் இல்லை. டிரம் இயந்திரங்களும் சிந்தசைசர்களும் எழுப்பும் ஒலிதான். டெக்னோ என்று பொதுவாகச் சொல்லப்படும் இசை. அதில் என்ன வரலாறு இருக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். தொகுப்போடு வந்த தாளைப் பிரித்துப் பார்த்தால் நான்கு வரைபடங்களும் ஒரு சிறு குறிப்பும் இருக்கும். அந்த நான்கு வரைபடங்களின் வழியாகவே இந்த உரையைக் கொண்டுபோகிறேன்.

குறிப்பு என்ன சொல்கிறது என்பதை என் சொற்களில் சொல்கிறேன். அடிமைக் கப்பல்களில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட கர்ப்பிணிப் பெண்கள், நோயுற்றார்கள் என்றும் தொல்லை என்றும் நடுக்கடலில் தூக்கி எறியப்பட்டார்கள். கருவிலிருக்கும் குழந்தை நீருக்குள்தானே வாழ்கிறது? அப்படியானால் கடலில் எறியப்பட்ட தாய்மாருக்குக் கடலுக்குள்ளேயே பிள்ளைகள் பிறந்திருக்கலாம் அல்லவா? காற்றைத் தேடாத அந்தப் பிள்ளைகள் அங்கேயே வளர்ந்து, ஒரு நாட்டையும் அறிவியலையும் உருவாக்கியிருக்கலாம் அல்லவா? அந்த நாட்டின் பெயர் டிரெக்சியா. அவர்கள் மெக்சிகோ வளைகுடா வழியாக மிசிசிப்பி ஆற்றில் ஏறி, மிச்சிகன் ஏரிகள்வரை வந்துவிட்டார்களா என்றும் குறிப்பு கேட்கிறது. கையெழுத்துப் போட்டிருப்பவர் 'அறியப்படாத எழுத்தாளர்'.

திரவத்துக்குள் சுவாசிப்பது வெறும் கட்டுக்கதை இல்லை. ஆக்சிஜன் நிறைந்த ஃபுளோரோகார்பன் திரவத்தில் மூழ்கவைக்கப்பட்ட சுண்டெலிகள் சுவாசித்து உயிர்பிழைத்ததை 1966இலேயே ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். அறிவியலின் இந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர்களின் கற்பனை வரலாற்றுக்குள் இறங்குகிறது.

முதல் வரைபடம் அடிமை வணிகம். அட்லாண்டிக்கைக் குறுக்காக வெட்டும் கோடுகள். மூன்றரை நூற்றாண்டுகளில் ஏறத்தாழ 1.25 கோடி ஆப்பிரிக்கர்கள் கப்பலேற்றப்பட்டார்கள், கரையிறங்கியவர்கள் ஏறத்தாழ 1.07 கோடிப் பேர் என்பது வரலாற்றாய்வாளர்களின் கணக்கு. நடுவில் குறைகிற 18 லட்சம் பேரின் கல்லறை கடல்தான்.

அந்தக் கடலில் நடந்தவற்றில் ஒன்றுக்கு நீதிமன்றப் பதிவு கிடைத்திருக்கிறது. 1781ஆம் ஆண்டின் இறுதி. சோங் என்ற ஆங்கிலேயக் கப்பல் ஜமைக்காவை நோக்கிப் போகிறது. மாலுமிகள் வழி தவறுகிறார்கள். குடிதண்ணீர் போதாது என்று காரணம் சொல்லி, 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைச் சில நாட்களில் தொகுதி தொகுதியாகக் கடலில் எறிகிறார்கள். இடையில் மழை பெய்தது. தண்ணீர் கிடைத்தது. அதற்குப் பிறகும் எறிந்தார்கள். ஊருக்குத் திரும்பியதும் கப்பல் உரிமையாளர்கள், ஒரு தலைக்கு 30 பவுண்டு வீதம், இழந்த சரக்குக்கு இழப்பீடு கேட்டுக் காப்பீட்டாளர்கள்மீது வழக்குத் தொடுத்தார்கள். 1783இல் வழக்கு நடந்தது. முதலில் நடுவர் குழு உரிமையாளர்கள் பக்கம் நின்றது. பிறகு மேல்விசாரணையில் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு மறுவிசாரணைக்கு வழிவிட்டார். ஆனால் கொலை என்று ஒருவர்மீதும் வழக்கு நடக்கவில்லை. அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒலாடா எக்வியானோ என்ற கறுப்பினத்தவர் கிரான்வில் ஷார்ப்பிடம் போய்ச் சொன்னதால்தான் விஷயம் வெளியே பரவியது.

இதில் கவனிக்க வேண்டியது கணக்கேடு. எறிந்தவனிடம் கணக்கு இருந்தது. எறியப்பட்டவரின் பெயர் அதில் இல்லை. ஆவணக் காப்பகத்துக்குப் போனால் எத்தனை பேர், என்ன விலை என்பது கிடைக்கும். அவர்கள் யார், எதைப் பாடினார்கள், வயிற்றில் எத்தனை மாதம் என்பது கிடைக்காது. சமூகவியல் படித்தபோது தரவு இல்லாமல் பேசாதே என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல பாடம்தான். ஆனால் தரவைத் தயாரித்தவனே கொலைகாரனாக இருக்கும்போது, தரவோடு நின்றுவிடுவது அவன் கணக்கை ஒத்துக்கொள்வதாகிவிடும். டிரெக்சியா செய்தது, அந்தக் கணக்கேட்டின் கடைசி வரிக்குக் கீழே இன்னொரு வரியை எழுதியது.

இரண்டாவது வரைபடம் 1930களிலும் 40களிலும் தெற்கின் கிராமங்களிலிருந்து வடக்கின் நகரங்களுக்குக் கறுப்பின மக்கள் இடம்பெயர்ந்த வழி. அந்த வழிகளில் ஒன்று டெட்ராய்ட்டுக்குப் போனது. அடிமைக் காலத்திலேயே அந்த ஊருக்கு ஒரு பெயர் உண்டு. தப்பியோடும் அடிமைகளை மறைத்துக் கடத்திய இரகசிய வலைப்பின்னலில் டெட்ராய்ட்டின் குறிப்பெயர் 'நள்ளிரவு'. அங்கிருந்து ஆற்றைக் கடந்தால் கனடா. ஒரு தண்ணீர் கொன்றது, இன்னொரு தண்ணீர் விடுவித்தது.

1914இல் ஃபோர்டு நிறுவனம் நாளுக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்த பிறகு டெட்ராய்ட் என்றால் வேலை என்று அர்த்தமாயிற்று. வேலை கிடைத்தது. ஆனால் கறுப்பினத் தொழிலாளிக்கு வார்ப்படச் சாலையும் பெயின்ட் அடிக்கும் கூடமும்தான் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டன. வெப்பமும் புகையும் அவர்களுக்கு. வீடும் அப்படியே. 1941இல் நகரத்தின் எட்டு மைல் சாலைப் பக்கம் அரை மைல் நீளத்துக்கு ஆறடிச் சுவர் ஒன்று எழுப்பப்பட்டது. வெள்ளையருக்கு வீடுகட்ட அரசின் கடன் உத்தரவாதம் வேண்டுமானால், பக்கத்திலிருக்கும் கறுப்பினக் குடியிருப்பைப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. உத்தபுரம் சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டதை நேரில் பார்த்தவர்கள் இந்த அவையில் இருக்கக்கூடும். டெட்ராய்ட் சுவர் இன்றும் நிற்கிறது. அதன் மேல் அந்தப் பகுதி மக்கள் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள்.

1943 கலவரத்தில் 34 பேர் இறந்தார்கள். அவர்களில் 25 பேர் கறுப்பினத்தவர். 'பிளாக் பாட்டம்' என்ற குடியிருப்பும், இசைக்கூடங்கள் நிறைந்த ஹேஸ்டிங்ஸ் தெருவும் நகரச் சீரமைப்பின் பெயரால் இடிக்கப்பட்டு அங்கே விரைவுச்சாலை வந்தது. 1967 ஜூலையில் ஐந்து நாள் எழுச்சி நடந்தது. 43 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு டாட்ஜ் கார்த் தொழிற்சாலையில் வேகம் கூட்டப்பட்ட உற்பத்தி வரிசையை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கறுப்பினத் தொழிலாளர்களே முன்னின்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'டிரம்' என்று வரும். டிரம் என்றால் முரசு. அந்த ஊரின் வரலாற்றில் இசையும் தொழிலாளர் போராட்டமும் ஒரே சொல்லில் வந்து நிற்கின்றன.

இந்த ஊரில்தான் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி 1959இல் மோடவுன் இசை நிறுவனத்தைத் தொடங்கினார். 1972இல் அது லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. தொழிற்சாலைகளும் ஒவ்வொன்றாகக் கதவை மூடின. 1950இல் 18 லட்சத்துக்கு மேல் இருந்த நகரத்தின் மக்கள்தொகை 1990இல் 10 லட்சம் அளவுக்கு வந்துவிட்டது. அப்பனும் தாத்தாவும் இயந்திரத்துக்கு முன்னால் நின்ற ஊரில், பேரப்பிள்ளைகளுக்கு நிற்க இயந்திரம் இல்லை.

அப்போது அவர்கள் வேறு இயந்திரங்களை எடுத்தார்கள். ரோலண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம் 1980இல் டிஆர்-808 என்ற டிரம் இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உண்மையான டிரம்போல ஒலிக்கவில்லை என்று பலர் கழித்தார்கள். ஏறத்தாழ 12,000 இயந்திரங்களோடு 1983இல் உற்பத்தி நின்றது. பழைய பொருள் கடைகளுக்கு மலிவு விலையில் வந்து சேர்ந்தது. பணம் இருந்தவர்கள் வேண்டாம் என்று தள்ளியதை ஏழை வீட்டுப் பிள்ளைகள் எடுத்து வாசித்தார்கள். உண்மையான டிரம்போல அது ஒலிக்கவில்லை என்பதே அவர்களுக்கு அதன் அழகாகத் தெரிந்தது.

டெட்ராய்ட் வானொலியில் எலக்ட்ரிஃபையிங் மோஜோ என்ற அறிவிப்பாளர் இரவுகளில் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க்கையும் பிரின்ஸையும் பார்லிமென்ட் குழுவையும் ஒன்றுக்குப்பின் ஒன்றாக ஒலிபரப்பினார். எந்த இசை எந்த நிறத்தவருக்கு என்ற வானொலி வழக்கத்தை அவர் மதிக்கவில்லை. தன் முகத்தையும் காட்டவில்லை. அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள் பெல்வில் பள்ளியில் படித்த ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். அட்கின்ஸ், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ரிக் டேவிஸோடு சேர்ந்து சைபோட்ரான் என்ற பெயரில் 1981இலேயே இசைத்தட்டு வெளியிட்டார். அங்கேதான் டெக்னோ தொடங்குகிறது.

1990 வாக்கில் மைக் பேங்க்ஸும் ஜெஃப் மில்ஸும், அவர்களோடு ராபர்ட் ஹூடும் சேர்ந்து அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். தலைமறைவு எதிர்ப்பு என்று பொருள். பெரிய இசை நிறுவனங்களிடம் போகவில்லை. சொந்தமாகப் பதிப்பித்தார்கள். சப்மெர்ஜ் என்ற பெயரில் விநியோகமும் சொந்தமாகவே நடந்தது. மேடையில் முகத்தை மூடிக்கொண்டார்கள். நம் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். அச்சகமும் விநியோகமும் அடுத்தவன் கையிலிருந்தால் எழுத்தும் கடைசியில் அவன் கைக்குத்தான் போகும். டிரெக்சியாவின் இசைத்தட்டுகள் பல இந்த வழியாகவே வந்தன. 'தி குவெஸ்ட்' தொகுப்பும் சப்மெர்ஜின் வெளியீடுதான்.

இனி ஒலிக்கு வருகிறேன். 'தி குவெஸ்ட்' ஒரே மாதிரி ஒலிக்கும் தொகுப்பு இல்லை. சில துண்டுகள் இரும்பை அடிப்பதுபோல வேகமும் கடுமையும் கொண்டவை. சில, வெளிச்சம் குறைந்துகொண்டே போகும் ஆழத்தில் மெதுவாக இறங்குகிறவை. கிராஃப்ட்வெர்க்கின் நேர்த்தியும், பார்லிமென்ட் குழுவின் ஃபங்க் குதியாட்டமும், ஜாஸில் கேட்பதுபோன்ற சோகம் தோய்ந்த சுரங்களும் ஒரே தட்டில் கிடக்கின்றன. பார்லிமென்ட் குழு 1978இலேயே கடலடி உலகத்தை வைத்து ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டிருந்தது. அங்கே கடல் கொண்டாட்டத்துக்கான இடம். டிரெக்சியா அதே கடலுக்குள் அடிமைக் கப்பலின் நிழலைக் கொண்டுவந்தது.

'பபிள் மெட்ரோபொலிஸ்' என்ற துண்டில் ஒரு குரல் வரும். கடலடி நகரத்தை நெருங்கும் கலத்தை வேகம் குறைக்கச் சொல்லி வழிநடத்தும் கட்டுப்பாட்டு அறையின் குரல். முதல் தடவை கேட்டபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகுதான் உறைத்தது. கப்பலின் அடித்தட்டில் சங்கிலியில் கிடந்தவர்களின் பிள்ளைகள் இங்கே கலங்களின் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துகிறார்கள். யாரும் அழவில்லை. யாரிடமும் முறையிடவில்லை. தங்கள் ஊரைத் தாங்கள் நடத்துகிறார்கள். துயரத்தின் இசையை எதிர்பார்த்துப் போகும் நம்மை, உள்ளே வருவதானால் வேகத்தைக் குறைத்து வா என்று சொல்கிறார்கள்.

மூன்றாவது வரைபடத்தின் தலைப்பு 1988இல் டெக்னோ டெட்ராய்ட்டை விட்டு உலகமெங்கும் பரவியதைச் சொல்கிறது. அந்த ஆண்டுதான் டெட்ராய்ட் டெக்னோவின் தொகுப்பொன்று இங்கிலாந்தில் வெளியானது. 1991இல் பெர்லினில் டிரெசர் என்ற நடனக்கூடம் திறக்கப்பட்டது. நாஜிகள் பறித்துக்கொண்ட யூதக் குடும்பத்தின் வெர்ட்ஹைம் அங்காடியின் நிலவறைப் பெட்டகம்தான் அந்தக் கூடம். டிரெசர் பதிப்பகத்தின் முதல் வெளியீடு அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் கலைஞர்களுடையது. டிரெக்சியாவின் 'நெப்டியூன்ஸ் லேர்' தொகுப்பையும் 1999இல் அவர்களே வெளியிட்டார்கள். அந்த உறவு நேர்மையானது. ஆனால் அதைச் சுற்றி வளர்ந்த பெரும் சந்தையில் டெக்னோ என்றால் ஐரோப்பிய வெள்ளையரின் இசை என்ற எண்ணம் படிந்துவிட்டது. பண்டம் பயணம் போனது, செய்தவனின் பெயர் துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. அடிமை வணிக வரைபடத்துக்குப் பக்கத்திலேயே இந்த வரைபடத்தையும் அச்சிட்டவர்களுக்கு, தாங்கள் என்ன சொல்கிறோம் என்பது தெரிந்திருந்தது.

இந்தக் கதையை ஒரு தலித் இலக்கிய மேடையில் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று கேட்டால், உறவு பழையது. மகாத்மா ஜோதிராவ் ஃபுலே 1873இல் 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்களின் சார்பில் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளிக்கப்பட்ட மனுவின் படியைக் கேட்டார். டூபாய்ஸ் பதில் எழுதினார். 1972இல் மும்பையில் தலித் பேந்தர்ஸ் அமைப்பு கருஞ்சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டது. அதைத் தொடங்கிய நாம்தேவ் தசாலும் ராஜா தாலேயும் ஜெ.வி. பவாரும் எழுத்தாளர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

உறவு உண்டு என்பதால் இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. வேறுபாட்டைப் பார்த்தால்தான் உறவு பயன்படும். ஓர் எடுத்துக்காட்டு. 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ என்ற இடத்தில் அடிமைகள் முரசு கொட்டிக் கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே அங்கே வந்த சட்டம், அடிமைகள் முரசும் கொம்பும் வைத்திருக்கத் தடை விதித்தது. அங்கே முரசைப் பிடுங்கினார்கள். இங்கே முரசைக் கழுத்தில் மாட்டினார்கள். சாவுக்கும் திருவிழாவுக்கும் பறையடித்தே தீர வேண்டும் என்பது சாதி விதித்த கட்டாயம். அதனால் அங்கே முரசைக் கொட்டுவது கலகம், இங்கே அடிக்க மாட்டேன் என்று பறையைக் கீழே வைத்தது கலகம். பிறகு அதே பறையை விடுதலைக் கருவியாக நம் கலைஞர்கள் மேடையேற்றியது இன்னொரு கலகம். அடிக்காதே என்பதும் அடி என்பதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு குரல்கள். எப்போது, எதற்கு, யாருக்காக ஒலி எழுப்புவது என்பதை முடிவுசெய்யும் உரிமைதான் இரண்டு இடத்திலும் சண்டை. டெட்ராய்ட்டுப் பிள்ளைகள் டிரம் இயந்திரத்தை எடுத்தபோது அந்த உரிமையைத்தான் எடுத்தார்கள்.

இந்த இடத்தில் ஓர் எதிர்க்கேள்வியைச் சந்தித்தாக வேண்டும். கடலில் எறியப்பட்டவர்களின் பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று கதை கட்டுவது கொலையை மென்மையாக்குவது ஆகாதா? எறிந்தவனுக்கு அது ஆறுதல் ஆகாதா? நியாயமான கேள்வி. தொன்மத்தால் சுடப்பட்டவர்கள் நாம். நம் கண்ணெதிரில் நந்தன் கதை இருக்கிறது.

12ஆம் நூற்றாண்டுப் பெரிய புராணத்தில் திருநாளைப்போவார் தில்லைக்கு வருகிறார். தீயில் மூழ்கி எழுகிறார். எழும்போது பூணூல் அணிந்த முனிவராக எழுகிறார், கோயிலுக்குள் போய் மறைகிறார். அதிசயம் நடந்தது என்கிறது புராணம். அங்கே நந்தன் பிழைக்கிறார்தான். ஆனால் நந்தனாகப் பிழைக்கவில்லை. அவருடைய உடல் கோயிலுக்குள் போகத் தகுதியற்றது என்ற விதியை அந்த அதிசயம் தொடவே இல்லை. மாற்றப்பட்டது நந்தனின் உடல். கோயில் மாறவில்லை. கொலையை மென்மையாக்கும் தொன்மம் இப்படித்தான் இருக்கும்.

டிரெக்சியா இதற்கு நேர்மாறு. அங்கே தாய்மாரின் சாவு மறைக்கப்படவில்லை. கதை தொடங்குவதே அந்தக் கொலையிலிருந்துதான். பிள்ளைகள் வெள்ளையராக மாறி எழவில்லை, கப்பலின் மேல்தட்டில் இடம் கேட்கவில்லை. எந்த நீர் தங்களைக் கொல்ல வேண்டுமோ அதையே மூச்சாக்கிக்கொண்டார்கள். தீக்குளித்த நந்தனுக்கு ஆதிக்கத்தின் கதையில் கிடைத்தது அவர்களுடைய உடல். கடலில் விழுந்தவர்களுக்குத் தங்கள் சொந்தப் பிள்ளைகளின் கதையில் கிடைத்தது ஒரு நாடு. யார் கதை சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் பக்கமும் இதைச் செய்தவர்கள் உண்டு. பண்டிதர் அயோத்திதாசர் நந்தனைத் தீயில் விட்டுவிடவில்லை. அவர் எழுதிய வரலாற்றில் நந்தன் பௌத்த அரசன். அது ஆதாரபூர்வமான வரலாறா என்று சிலர் இன்றும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைப் பெரிய புராணத்திடம் அவர்கள் இவ்வளவு கறாராகக் கேட்பதில்லை. எதிர்காலத்தைக் கேட்கும் மக்களுக்கு வேறொரு கடந்த காலம் தேவைப்படுகிறது என்பது அயோத்திதாசருக்குத் தெரிந்திருந்தது. தண்ணீரைப் பொறுத்தவரை நமக்கு உருவகம்கூடத் தேவையில்லை. 1927 மார்ச் 20 அன்று மகாடு குளத்தில் அம்பேத்கர் கையால் அள்ளிக் குடித்த தண்ணீர் வரலாறு. அந்தக் கைக்கும் கடலடியில் சுவாசித்த குழந்தைக்கும் இடையே எனக்கு ஓர் உறவு தெரிகிறது. மறுக்கப்பட்ட நீரை உரிமையாக்கிக்கொண்ட உறவு அது.

பெயரைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். டிரெக்சியா இயங்கிய காலத்தில் அந்த இருவர் யார் என்பதை வெளியில் காட்டிக்கொள்ளவே இல்லை. படம் இல்லை, பெயரும் பெரும்பாலும் இல்லை. ஜேம்ஸ் ஸ்டின்சன், ஜெரால்டு டொனால்டு என்று இன்று நமக்குத் தெரியும். ஸ்டின்சன் லாரி ஓட்டிப் பிழைத்தவர். 2002 செப்டம்பரில் 32 வயதில் இதய நோயால் இறந்துபோனார். அவருடைய பெயர் பரவலாகத் தெரியவந்தது அதற்குப் பிறகுதான்.

பெயரில்லாமல் இருப்பது நமக்குப் பழகிப்போன வலி. கோயிலைக் கட்டியவர்களின் பெயர் கல்வெட்டில் இல்லை. அதனால் தானே பெயரை மறைத்த இவர்களை முதலில் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. யோசித்தபோது வேறுபாடு புரிந்தது. சோங் கப்பலின் கணக்கேட்டில் பெயர் இல்லாதது பறிப்பு. டிரெக்சியாவின் உறையில் பெயர் இல்லாதது முடிவு. தங்கள் முகத்தையும் தெருவையும் வறுமையையும் சந்தைக்கு விற்பனைப் பொருளாகக் கொடுக்க அவர்கள் மறுத்தார்கள். ஒலியை மட்டும் கேள் என்றார்கள். நம்மிடம் எப்போதும் வாழ்க்கையைக் கேட்டு வாங்குகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. ஆனாலும் இறந்தவரின் பெயரை நாம் சொல்லத்தான் வேண்டும். உயிரோடு இருந்தபோது மறைந்திருக்கும் உரிமை அவருக்கு இருந்தது. இறந்தபின் மறக்காமல் இருக்கும் கடமை நமக்கு இருக்கிறது. இந்தக் கூட்டமே அதற்காகத்தானே.

ஸ்டின்சனுக்குப் பிறகும் அந்தக் கடலடி நாடு வளர்ந்தது. ஓவியர் எலன் கல்லகர் 2001 முதல் கடலடி உயிர்களை வரைந்துவந்த படவரிசை இந்தத் தொன்மத்தோடு பேசியது. கிளிப்பிங் என்ற ராப் குழு 2017இல் இதை வைத்துப் பாடல் செய்தது. அதிலிருந்து ரிவர்ஸ் சாலமன் 2019இல் 'தி டீப்' என்ற நாவலை எழுதினார். இருவர் இசைத்தட்டு உறையில் எழுதிவைத்த ஒரு பத்தி, அவர்கள் பார்த்தே இராதவர்களின் கையில் இலக்கியமாயிற்று. தொன்மம் உயிரோடு இருப்பது இப்படித்தான்.

நான்காவது வரைபடம் மிச்சமிருக்கிறது. அதன் தலைப்பு வீடு திரும்பும் பயணம். மற்ற வரைபடங்களில் ஆண்டுகள் இருக்கின்றன. இதில் ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் எதிர்காலம் என்று மட்டும் போட்டிருக்கிறது.

மாணவர்களே, நம் தன்வரலாறுகளை யாரும் எழுதாமல் இருந்துவிடாதீர்கள். முதல் மூன்று வரைபடங்கள் இல்லாமல் நான்காவது வராது. எறிந்தவனின் கணக்கேட்டைத் தேடி எடுத்து, ஆண்டும் ஊரும் எண்ணிக்கையும் போட்டு எழுத வேண்டிய வேலை நமக்கு இன்னும் ஏராளம் இருக்கிறது. ஆனால் அதோடு நின்றுவிடவும் வேண்டாம். வலியைச் சொன்னால்தான் நீ தலித் எழுத்தாளன் என்று யாராவது சொன்னால், வேகத்தைக் குறைத்து உள்ளே வா என்று சொல்லுங்கள்.

தோழர் கேட்ட கேள்விக்கு இப்போது இப்படிப் பதில் சொல்வேன்: நிலாவுக்குப் போகிற கதையை அவர்கள் வாங்குவார்களா என்பது முக்கியமில்லை தோழரே, நம் பிள்ளைகள் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டார்கள்.

ஜெய்பீம்.